மின்னஞ்சல் சில வேளை ஏன் போவதில்லை?



கடிதம் எழுதித் தபால் பெட்டியில் போட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்த காலம் நம் பாட்டிமார் காலம். இன்று நம் குறிஞ்சிப்பாடியில், தறி நெய்யும் வீட்டிலிருந்துகூடப் புதுத் துணியின் படமும் விலைப் பட்டியலும் கணினி வழியே வெளியூர் வியாபாரிக்குப் போகக் காண்கிறோம். மேற்படிப்புக்கும் வேலைக்கும் முயலும் நம் அக்காமார் சான்றிதழ்களை மின்னஞ்சலில் அனுப்புகின்றனர். கடைசி நாளன்று அது போகாவிட்டால் ஓர் ஆண்டின் உழைப்பே வீணாகலாம். காலையில் போன அஞ்சல் மாலையில் போக மறுக்கிறது. இரவில் தானே போகிறது. இவ்வாறு விட்டுவிட்டு வரும் கோளாற்றின் காரணத்தை எப்படிக் கண்டறிவது? அதனை இக்கட்டுரையில் காண்போம்.

கடிதம் செல்லும் வழி

1971-ஆம் ஆண்டு ரே டாம்லின்சன் என்ற அமெரிக்கப் பொறியாளர் ஒரு கணினியிலிருந்து மற்றொரு கணினிக்கு அஞ்சல் அனுப்பிக் காட்டினார். அஞ்சல் அனுப்புவதற்கான எஸ்.எம்.டி.பி. விதிகளை 1982-இல் ஜான் போஸ்டல் வெளியிட்டார். இன்றைய மின்னஞ்சலுக்கும் அவ்விதிகளே அடிப்படை. இந்தியாவில் பொதுமக்களுக்கு இணைய இணைப்பு 1995 ஆகஸ்டு 15 அன்று வழங்கப்பட்டது.

நம் கணினியிலுள்ள அவுட்லுக், தண்டர்பேர்ட் போன்ற மென்பொருளில் 'சென்ட்' பொத்தானை அழுத்தியதும், கடிதம் நேரே பெறுபவரிடம் போய்விடுவதில்லை. முதலில் நம் அஞ்சல் சேவையின் சர்வருக்குப் போகிறது. அது நம் ஊர்த் தபால் நிலையம் போன்றது. அங்கிருந்து பெறுபவரின் சர்வருக்குப் போகிறது. முதற்கட்டத்தில் தடை நேர்ந்தால் பெரும்பாலும் நம் திரையிலேயே பிழைச் செய்தி தோன்றும்; கடிதம் 'அவுட்பாக்ஸ்' பெட்டியில் தங்கிவிடும். இரண்டாம் கட்டத்தில் நேர்ந்தால், 'சேர்க்க இயலவில்லை' என்ற அறிவிப்பு பிறகு நமக்கு வரும். எந்தக் கட்டத்துப் பிழை என்று முதலில் பிரித்தறிய வேண்டும்.

எண்கள் சொல்லும் செய்தி

சர்வர் ஒவ்வொரு முறையும் மூன்று இலக்க எண்ணால் பதில் கூறுகிறது. 2-இல் தொடங்கும் எண் 'சரி' என்பதாகும். 4-இல் தொடங்குவது 'இப்போது இயலாது, பிறகு வா' என்பதாகும். 5-இல் தொடங்குவது 'இப்படியே அனுப்பினால் ஏற்க இயலாது' என்பதாகும். 421 என்றால் சர்வர் தற்போது சேவை தர இயலாமல் இணைப்பை மூடுகிறது. 535 என்றால் பயனர் பெயரோ பாஸ்வேர்டோ ஏற்கப்படவில்லை. 552 என்றால் கடிதம் அளவுக்கு மீறியது. ஆகவே பிழைச் செய்தியைப் படிக்காமல் மூடிவிடக் கூடாது. எண்ணே இல்லாமல் 'நேரம் கடந்துவிட்டது' என்று வந்தால், சர்வரின் பதில் நம்மை வந்து சேரவில்லை என்று பொருள்.

போன கடிதமே சாட்சி

பலர் செய்வது என்ன? அஞ்சல் போகவில்லை என்றதும் பாஸ்வேர்டை மாற்றுகிறார்கள், அமைப்புகளையெல்லாம் திருத்துகிறார்கள். சற்றே சிந்தியுங்கள். அதே இடத்திலிருந்து, அதே கணினியில், இன்று காலை ஒரு கடிதம் போயிருக்கிறது. அப்படியானால் சர்வரின் பெயரும் பாஸ்வேர்டும் காலையில் சரியாகவே இருந்தன. அதன்பின் அவற்றை யாரும் மாற்றாதபோது குற்றம் வேறிடத்தில்தான் இருக்கக்கூடும். 'ஏன் போகவில்லை?' என்று கேட்பதைவிட, 'போனதற்கும் போகாததற்கும் என்ன வேறுபாடு?' என்று கேட்பதே வழி. வேறுபாடுகள் பெரும்பாலும் நான்கு வகைப்படும்.

1. அளவு: படங்களை இணைக்கும்போது அவை எழுத்துருவாக மாற்றப்படுவதால் மூன்றில் ஒரு பங்கு பெரிதாகின்றன. 9 எம்.பி. படம் 12 எம்.பி. ஆகிறது. நொடிக்கு 1 மெகாபிட் வேகமுள்ள இணைப்பில் அதனை அனுப்ப 96 நொடிகள் வேண்டும். இடையே ஒரு கணம் இணைப்பு அறுந்தாலும் மீண்டும் முதலிலிருந்தே தொடங்க வேண்டும். வெறும் எழுத்துக் கடிதமோ நொடியில் போய்விடுகிறது. சிறியது போய், பெரியது நின்றால் காரணம் இதுவே என்று ஐயுறலாம். வைரஸ் தடுப்பு மென்பொருள் இடையில் நின்று சோதிப்பதாலும் தாமதம் ஏற்படும். அவுட்லுக் வழக்கமாக 1 நிமிடமே பதிலுக்குக் காத்திருக்கும். அதனை 10 நிமிடம் வரை கூட்டலாம்.

2. இடம்: வீட்டில் போகும் அஞ்சல் கடலூர் உறவினர் வீட்டில் போகாதிருக்கலாம். வேண்டாத அஞ்சல்களைத் தடுக்க இணைய நிறுவனங்கள் பல 25-ஆம் எண் போர்ட்டை மூடியுள்ளன. நம் அஞ்சல் சேவை கூறும் 587 அல்லது 465-ஐப் பயன்படுத்துதல் நலம்.

3. எண்ணிக்கை: ஆண்டு விழா அழைப்பை ஒரே மூச்சில் நூற்றுக்கணக்கானோருக்கு அனுப்பினால் பாதியில் தடை வரும். ஒவ்வொரு சேவையும் வரம்பு வைத்துள்ளது. சிறு குழுக்களாக இடைவெளி விட்டு அனுப்ப வேண்டும்.

4. நேரம்: ஒரே பெயரின்கீழ் பல சர்வர்கள் இயங்குவதுண்டு. அவற்றுள் ஒன்று பழுதுபட்டால் அதனிடம் சென்ற கடிதம் மட்டும் நிற்கும். இதை நாம் சரிசெய்ய இயலாது. நேரத்தையும் எண்ணையும் குறித்துச் சேவையாளரிடம் தெரிவிக்கலாம்.

சோதிக்கும் முறை

ஒரு நோட்டில் நாள், நேரம், இடம், இணைப்பின் அளவு, பிழை எண் ஆகியவற்றை எழுதி வாருங்கள். போன கடிதங்களையும் எழுதுங்கள். பின்னர் ஒரு முறைக்கு ஒன்றை மட்டும் மாற்றிப் பாருங்கள். அதே கடிதத்தைப் படமின்றி உங்கள் முகவரிக்கே அனுப்பிப் பாருங்கள். அடுத்து, கைப்பேசி இணைப்பின் வழியே அனுப்புங்கள். அதன்பின் அதே சேவையின் இணையப் பக்கத்தைத் திறந்து அனுப்புங்கள். இணையப் பக்கத்தில் மட்டும் போனால், மென்பொருளிலோ அது செல்லும் போர்ட்டிலோ கோளாறு இருக்கலாம். இரண்டிலும் போகாவிட்டால் இணைப்பையோ சேவையையோ சோதிக்க வேண்டும். நான்கைந்தை ஒருசேர மாற்றினால் அஞ்சல் போய்விடலாம். ஆனால் எதனால் போனது என்பது விளங்காது. கோளாறும் திரும்ப வரும்.

மற்றோர் எச்சரிக்கை. பொத்தானை மீண்டும் மீண்டும் அழுத்தாதீர்கள். சர்வர் கடிதத்தை ஏற்றுக்கொண்ட பின், 'சரி' என்ற பதில் நம்மை அடையுமுன் இணைப்பு அறுந்துவிடுவதுண்டு. மென்பொருள் 'போகவில்லை' என்று எண்ணி மறுபடி அனுப்ப, ஒரே கடிதம் இருமுறை போய்ச் சேரும். கிரெய்க் பார்ட்ரிஜ் என்ற அறிஞர் 1988-லேயே இதனைப் பற்றித் தனிக் குறிப்பு எழுதினார். விலைப் பட்டியல் இருமுறை போனால், ஆர்டரும் இரண்டாகக் கணக்கில் ஏறிவிடக்கூடும். எனவே, ஐயம் வந்தால் பெறுபவரிடம் தொலைபேசியில் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

தறியில் இழை அறுந்தால் நெசவாளர் பாவு முழுவதையும் கலைப்பதில்லை. அறுந்த இழையைத் தேடி முடிச்சிடுகிறார். நாமும் அவ்வாறே பொறுமையுடன் காரணத்தைத் தேடுவோம். முக்கியமான விண்ணப்பத்தைக் கடைசி நாள்வரை வைத்திராமல் இரண்டு நாள் முன்னரே அனுப்புவோம். நாம் கற்றதை வீட்டிலுள்ள பெரியோர்க்கும் எடுத்துச் சொல்வோமாக!