புதர் கலைக்கும் நாயைத் தெரிந்தெடுத்தல்

பள்ளிப்பட்டைச் சூழ்ந்த கிராமங்களில் குசஸ்தலை ஆற்றோரத்துக் கரும்புக் கொல்லைகளும், மேட்டு நிலத்து வேர்க்கடலைப் பயிரும் குன்றடிப் புதர்களை அடுத்து அமைந்துள்ளன. பகலில் புதரிலோ கரும்பினுள்ளோ படுத்திருக்கும் காட்டுப்பன்றிகள் இரவில் கூட்டமாக வெளிப்பட்டால், ஒரு குடும்பத்தின் வருஷ வரும்படி சில ராத்திரிகளில் நாசமாகும். சங்கத்தில் பயிர்க்கடன் பெற்ற அங்கத்தினருக்கு இது தவணை கட்டுவதையே பாதிக்கும் விஷயமாகும். ஆதலால் காவலுக்கு நாய் வாங்குவோர் ஜாதியின் பெயரையும் அழகையும் பாராமல், அது செய்யவேண்டிய வேலையைப் பார்த்து வாங்குதல் அவசியம்.

நாய்களில் கண்ணால் தேடுவன ஒருவகை. மூக்கால் தேடுவன மற்றொருவகை. சிப்பிப்பாறையும் கன்னியும் முதல்வகையைச் சேர்ந்தவை. திறந்த கரிசல் வெளியில் முயலை ஓடிப் பிடிக்க அவற்றுக்கு நிகரில்லை. ஆனால் நாலடிக்கு அப்பால் ஒன்றும் தெரியாத கரும்பினுள் அவற்றின் வேகம் பயன்படாது. அடர்ந்த இடத்திற்கு வேண்டியவை மோப்பமும், இடைவிடாத குரைப்புமே. குரைப்பு பன்றியைக் கலைக்கும். நாய் எங்கே இருக்கிறதென்று எஜமானனுக்கும் தெரிவிக்கும்.

இராஜபாளையம் நாய் பன்றி வேட்டைக்கே பெயர்போனது. 2005-ம் வருஷம் இந்திய தபால் இலாகா வெளியிட்ட தபால் தலையிலும் அதன் உருவம் இடம்பெற்றது. எனினும் முழு வெள்ளை நாய்களில் சில பிறவிச் செவிடாக இருப்பதுண்டு. அழைத்தால் கேளாத நாய் புதரில் ஆபத்தானது. தேனி ஜில்லாவைச் சேர்ந்த கோம்பை நாய் நடுத்தர உயரமும், குட்டை ரோமமும், மிக்க துணிவும் உடையது. காவலுக்கும் பன்றி வேட்டைக்கும் பழகிய ஜாதி. இங்கிலாந்தில் புதரிலிருந்து பறவைகளை எழுப்புவதற்கென்றே ஸ்பானியல் நாய்களை வளர்த்தனர். ஆனால் அவற்றின் நீண்ட ரோமத்திலும் தொங்கும் காதிலும் நமது முள்ளும், உண்ணியும், புல் விதையும் சிக்கித் துன்பம் தரும், வெயிலும் ஒவ்வாது. விலை கொடுக்க இயலாதோர், நல்ல தாய்க்குப் பிறந்த நாட்டுநாய்க் குட்டியைப் பழக்கினாலும் போதுமானது.

குட்டியைத் தெரிந்தெடுக்கையில் கீழ்க்கண்டவற்றைச் சோதிக்கவேண்டும்:

1. முதுகுப்புறம் நின்று கைதட்டினால் திரும்பவேண்டும்.
2. புல்லில் மறைத்த உணவை மோப்பத்தால் கண்டெடுக்கவேண்டும்.
3. தாய் நாய் வேலை செய்வதை நேரில் காணவேண்டும்.
4. குட்டி வளர்ந்தபின், விசில் ஊதியதும் துரத்தலை விட்டுத் திரும்பப் பழக்கவேண்டும். ஆடு மாடுகளைத் துரத்தும் நாய் எவ்வளவு துணிவுள்ளதாயினும் ஆகாது.

நாலாவது சோதனையே முக்கியமானது. 1972-ம் வருஷத்திய வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி, கொல்வது மாத்திரமன்றி, கொல்லவோ பிடிக்கவோ கருதி விலங்கைத் துரத்துவதும் வேட்டையே ஆகும். ஆகையால் நாயின் வேலை குரைத்துப் பன்றியை வயலினின்று வெளியேற்றுவதோடு முடியவேண்டும். வரப்பைத் தாண்டிக் காட்டினுள் ஓடும் நாய் தன் எஜமானனைக் குற்றவாளியாக்கிவிடும். நாயை ஏவும்போது குன்றுப் பக்கத்தைத் திறந்துவிட்டு மற்றப் பக்கங்களிலிருந்து குரல் எழுப்பவேண்டும். வழியில்லாமல் மடக்கப்பட்ட பன்றி திரும்பிப் பாயும். அதன் கோரைப்பல் நாயின் வயிற்றையும் மனிதன் தொடையையும் கிழிக்கவல்லது. பயிர்ச்சேதம் நேர்ந்தால் வனத்துறைக்கு மனுச் செய்து நஷ்டஈடு கோருவதே முறை.

காட்டோரம் திரியும் நாய்க்கு வெறிநோய் தொற்றும் அபாயம் அதிகம். குட்டிக்கு மூன்று மாதத்தில் தடுப்பூசி போட்டு, பிறகு கால்நடை வைத்தியர் சொல்லுகிறபடி தவறாமல் தொடரவேண்டும். நாய் கடித்தாலோ பிறாண்டினாலோ, காயத்தைச் சோப்பும் ஓடும் தண்ணீரும் கொண்டு 15 நிமிஷம் கழுவி, அன்றே ஆஸ்பத்திரிக்குச் செல்லவேண்டும். மஞ்சளும் சுண்ணாம்பும் அப்புவது வீண். தென்னிந்தியாவில் இந்நோய்க்குச் சிகிச்சை தருவதற்கென 1907-ம் வருஷத்திலேயே குன்னூரில் பாஸ்டர் நிலையம் ஏற்பட்டது. நோய்க்குறி கண்டபின் அநேகமாகப் பிழைப்பதில்லை. உரிய காலத்தில் ஊசி போட்டுக்கொண்டால் உயிர் தப்பும்.

அடுத்தடுத்த நிலமுடைய நாலைந்து அங்கத்தினர் சேர்ந்து நன்கு பழகிய இரண்டு நாய்களை வைத்துத் தீனி, ஊசிச் செலவுகளைப் பகிர்ந்துகொள்வது உசிதம். அவரவர் தனித்தனியே வளர்க்கும் பத்து அடங்காத நாய்களைவிட, சொல் கேட்கும் இரண்டே பயிரையும் ஊரையும் காக்கும்.