கப்பலில் பிறந்த ஆங்கிலம்

'டேக்கன் அபேக்', 'பை அன்ட் லார்ஜ்' போன்ற ஆங்கிலத் தொடர்கள் கப்பலோட்டிகளின் பேச்சிலிருந்து வந்தவையாமே? தரம் 10 பிள்ளைகளுக்கு எப்படி விளக்குவது?
– ஓர் ஆசிரியை, ஆரையம்பதி

உண்மைதான் டீச்சர். காற்றை வைத்தே விளக்குங்கள். கச்சானும் கொண்டலும் தெரிந்த பிள்ளைகளுக்குப் பாதிப் பாடம் ஏற்கெனவே தெரியும்.

பின்காற்றில் ஓடும் பாய்க்கப்பலை, காற்று திடீரென்று திரும்பி முன்னாலிருந்து அடித்தால் பாய்கள் பாய்மரத்தோடு அமுங்கும். கப்பல் அப்படியே நின்றுபோகும். அந்தத் திகைப்புத்தான் 'டேக்கன் அபேக்'. 'பை' என்பது எதிர்க்காற்றை நெருக்கி ஓடுவது. 'லார்ஜ்' என்பது பின்காற்றில் ஓடுவது. இரண்டிலும் நன்றாக ஓடும் கப்பலைச் சொன்ன தொடர், இப்போது 'மொத்தத்தில்' என்று பொருள்படுகிறது.

பிள்ளைகள் தடுமாறுவது 'த்ரீ ஷீட்ஸ் டு த விண்ட்' என்பதில்தான். கப்பலில் 'ஷீட்' என்றால் பாய் அல்ல, பாயின் மூலையை இழுத்துக் கட்டும் கயிறு. கயிறுகள் அவிழ்ந்தால் பாய் படபடக்கும், கப்பல் தள்ளாடும். வெறியில் தள்ளாடுபவருக்கு அந்தப் பெயர் வந்தது இப்படித்தான்.

'போஷ்' என்ற சொல் கப்பல் பயணச்சீட்டில் குத்திய நான்கு எழுத்துகள் என்றொரு கதை உலாவுகிறது. அதற்கு ஆதாரமே இல்லை, சொல்லிக்கொடுக்காதீர்கள்.

நம் கடலும் ஆங்கிலத்துக்குக் கொடுத்திருக்கிறது. சோழமண்டலக் கரையின் கட்டுமரத்தை ஆங்கிலேயக் கடலோடி வில்லியம் டாம்பியர் 1697இல் தன் பயண நூலில் எழுதினார். இன்று 'கட்டமரான்' என்றால் இரட்டை உடல் கொண்ட படகு. முதல் வகுப்பை இந்தச் சொல்லிலேயே தொடங்குங்கள். பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவார்கள்.