பொருந்தியும் பேசாத இயக்கி

சென்ற தவணை விடுமுறையில் நாநா எங்கள் பழைய மடிக்கணினிக்கு ஓர் எஸ்.எஸ்.டி. வாங்கி வந்தார். சிறுகச் சிறுகச் சேர்த்த காசு. எது வாங்குவது என்று சொன்னவள் நான்தான். எம்.2 ஸ்லொட்டில் செருகினோம், அழகாகப் பொருந்தியது. ஆனால் கணினி அதைக் காணவே இல்லை. பெட்டியைப் பிரித்துவிட்டதால் கடையில் திருப்பி எடுக்கவும் மறுத்துவிட்டார்கள்.

"நீதானே ஐ.சீ.டி. படிக்கிற, என்ன பிழையெண்டு பாரு" என்றார் நாநா.

பிழை என்னுடையது. எம்.2 என்பது வடிவம் மட்டுமே. அதே வடிவத்தில் சாட்டா வழியாக இயங்குவதும் உண்டு, பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ் வழியாக இயங்கும் என்.வி.எம்.ஈ.யும் உண்டு. எங்கள் ஸ்லொட்டுக்குத் தெரிந்தது சாட்டா மட்டும். நான் வாங்கச் சொன்னது என்.வி.எம்.ஈ.

சாட்டாவுக்கு முன்பு 40 ஊசிகள் கொண்ட அகன்ற நாடா வடமே இருந்தது. அதன் உச்ச வேகம் செக்கனுக்கு 133 மெகாபைற்று. 2003இல் சாட்டா மெல்லிய வடத்துடன் வந்தது. அதன் மூன்றாம் தலைமுறையின் வேகம் செக்கனுக்கு 6 கிகாபிற்று. இதை 8ஆல் வகுத்து 750 மெகாபைற்று என்று நானும் ஒருமுறை எழுதியிருக்கிறேன். ஒவ்வொரு 8 பிற்றும் 10 பிற்றாகவே அனுப்பப்படுவதால் 10ஆல் வகுக்க வேண்டும், விடை 600.

சுழலும் வன்தட்டு இந்த 600ஐ எட்டுவதே இல்லை. எஸ்.எஸ்.டி. வந்த பிறகுதான் பாதை போதாமற் போனது. சாட்டா இயக்கிகள் பின்பற்றும் ஏ.எச்.சி.ஐ. முறை வன்தட்டை மனத்திற்கொண்டு அமைந்தது: ஒரே வரிசை, அதில் 32 கட்டளைகள். இடைவேளையில் எங்கள் சிற்றுண்டிச்சாலையைப் போல! 2011இல் வெளிவந்த என்.வி.எம்.ஈ. 65,535 வரிசைகள் வரை அனுமதிக்கிறது. பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ் மூன்றாம் தலைமுறையின் நான்கு தடங்களில் செக்கனுக்கு ஏறக்குறைய 3,900 மெகாபைற்று போகலாம்.

அப்படியானால் சாட்டா வீணா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. வன்தட்டிலிருந்து சாட்டா எஸ்.எஸ்.டி.க்கு மாறினால் கணினி எழும்பும்போதே வித்தியாசம் தெரியும். அங்கிருந்து என்.வி.எம்.ஈ.க்கு மாறினால், ஒப்படை தட்டச்சுச் செய்யும் நமக்கு அவ்வளவாகத் தெரியாது. பெரிய காணொளிகளைத் தொகுப்பவர்களுக்குத் தெரியும்.

வாங்கப் போகும் தோழியர் முதலில் தமது கணினியின் கையேட்டைப் பாருங்கள். இயக்கியின் விளிம்பில் இரண்டு வெட்டுகள் இருந்தால் அது பெரும்பாலும் சாட்டா, ஒன்று என்றால் பெரும்பாலும் என்.வி.எம்.ஈ. ஆனாலும் லேபலை வாசிக்காமல் காசைக் கொடுக்காதீர்கள்.

எங்கள் இயக்கியை இப்போது ஒரு யூ.எஸ்.பி. உறைக்குள் போட்டிருக்கிறோம். குடும்பப் படங்கள் எல்லாம் அதில்தான். உறைக்கான காசை என் பெருநாள் பணத்திலிருந்து நாநா எடுத்துக்கொண்டார்.