வயிற்றுக் கிருமிக்கான இரத்தப் பரிசோதனை: அது எதைச் சொல்லும், எதைச் சொல்லாது?

நெஞ்செரிச்சல், உணவுக்குப் பின் வயிற்று உப்புசம், வெறும் வயிற்றில் வலி ஆகியவற்றோடு எங்கள் வெளிநோயாளர் பிரிவுக்கு வருவோரில் பலர், கையில் ஓர் ஆய்வக அறிக்கையையும் கொண்டுவருகின்றனர். ‘ஹெலிகோபேக்டர் பைலோரி ஐஜிஜி – பாசிட்டிவ்’ என்பது அதில் கண்ட முடிவு. அதற்குரிய மாத்திரைகளை ஒருமுறைக்கு இருமுறை உட்கொண்ட பின்னும் முடிவு மாறவில்லையே என்று சிலர் கலங்குகின்றனர். அக்கலக்கத்திற்குக் காரணம் பெரும்பாலும் கிருமி அன்று, அப்பரிசோதனையின் இயல்பே.

இக்கிருமி அறியப்படாத காலத்தில் தென்னிந்தியாவில் குடற்புண் பெருந்துன்பமாக இருந்தது. 1922, 1924 ஆகிய ஆண்டுகளில் எவரெஸ்ட் ஏறும் குழுக்களில் இடம்பெற்ற ஹோவர்டு சாமர்வெல் என்னும் அறுவை மருத்துவர், இன்றைய குமரி மாவட்டத்தின் நெய்யூரில் தங்கி, எண்ணற்ற நோயாளிகளுக்கு இந்நோய்க்காக அறுவை சிகிச்சை செய்தார். காரத்தையும் கவலையையும் பழித்துக்கொண்டிருந்த நிலை 1982-இல் மாறத் தொடங்கியது. ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் பாரி மார்ஷல், ராபின் வாரன் ஆகிய இருவரும் இரைப்பையில் வாழும் இந்தச் சுருள் வடிவக் கிருமியை வளர்த்துக் காட்டினர். 2005-இல் அவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது. கத்தியால் தீர்த்த நோயை இன்று இரண்டு வார மாத்திரைகளால் தீர்க்க முடிகிறது. ஆனால் கிருமி இப்போது இருக்கிறதா என்பதை முதலில் சரியாக அறிய வேண்டும்.

இரத்தப் பரிசோதனை கிருமியைத் தேடுவதில்லை. கிருமிக்கு எதிராக நம் உடல் உண்டாக்கிய எதிர்ப்பொருளையே அது தேடுகிறது. துறைமுகப் பதிவேட்டை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு கப்பல் வந்தது என்பதற்கு அதில் சான்று உண்டு; அக்கப்பல் இன்னும் துறையில் நிற்கிறதா என்பதை அறிய நேரில்தான் பார்க்க வேண்டும். கிருமி ஒழிந்த பின்னும் எதிர்ப்பொருள் மாதக்கணக்கில், சிலருக்கு ஆண்டுக்கணக்கில் இரத்தத்தில் தங்கிவிடும். ஆகவே சிகிச்சை பலித்ததா என்று பார்க்க இப்பரிசோதனையை மீண்டும் செய்வது வீண் செலவு. அதைவிடத் தீங்கானது, அம்முடிவை நம்பி மறுபடியும் நுண்ணுயிர்க்கொல்லி மாத்திரைகளை விழுங்குவது. தேவையற்ற ஒவ்வொரு சுற்றும், மருந்துக்கு அடங்காத கிருமிகள் பெருக இடமளிக்கிறது. விரல் நுனியில் குத்திச் சில நிமிடங்களில் முடிவு சொல்லும் அட்டைப் பரிசோதனை இன்னும் குறைந்த நம்பகமுடையது.

கருவி எதையும் வயிற்றுக்குள் செலுத்தாமல், இன்றுள்ள தொற்றைக் காட்டும் பரிசோதனைகள் இரண்டு உண்டு. ஒன்று மூச்சுப் பரிசோதனை. கார்பன்-13 கலந்த யூரியாவைக் குடிக்கக் கொடுப்போம். கிருமி இருந்தால் அது யூரியாவைச் சிதைக்கும். அதனால் உண்டாகும் கரியமில வாயு மூச்சில் வெளிப்படும். கார்பன்-13 கதிர்வீச்சற்றது. மற்றொன்று, மலத்தில் கிருமியின் புரதக் கூறுகளைத் தேடும் பரிசோதனை. அதற்கான மாதிரியைக் காலதாமதமின்றி ஆய்வகத்தில் சேர்க்க வேண்டும்.

இவ்விரண்டுக்கும் முன், பான்டோப்ரசோல், ஒமிப்ரசோல் போன்ற அமிலக் குறைப்பு மாத்திரைகளை இரண்டு வாரமும், நுண்ணுயிர்க்கொல்லிகளையும் பிஸ்மத் மருந்தையும் நான்கு வாரமும் நிறுத்தியிருக்க வேண்டும். இல்லையேல் கிருமி அடங்கிக் கிடந்து, ‘இல்லை’ என்று பொய் முடிவு வரும். ஆயினும் இரத்தக்கசிவுப் புண் உடையவர்களும், இதயநோய்க்கு ஆஸ்பிரின் உட்கொள்வோரும் மருத்துவரைக் கேளாமல் அமில மாத்திரையை நிறுத்தக் கூடாது. இத்தகையோரிடத்தில்தான் இரத்தப் பரிசோதனை தன் பயனைக் காட்டுகிறது. அமில மாத்திரை அதனைக் குழப்புவதில்லை; புண்ணில் இரத்தம் கசியும் வேளையிலும் அது துணைநிற்கும். அதனை முற்றிலும் ஒதுக்க வேண்டும் என்பது என் கருத்தன்று. தனியே நின்று தீர்ப்புச் சொல்ல அதற்குத் தகுதியில்லை என்பதே.

இவற்றுள் எதற்கும் காத்திராமல் நேரே எண்டோஸ்கோப்பிக்கு வரவேண்டியவர்களும் உண்டு. தார் போன்ற கருநிற மலம், இரத்த வாந்தி, காரணமற்ற எடைக்குறைவு, விழுங்குவதில் தடை, ஓயாத வாந்தி, இரத்தசோகை ஆகியவை அதற்குரிய அறிகுறிகள். இரத்த வாந்தியும் தார் நிற மலமும் அவசரப் பிரிவுக்கு உடனே வரவேண்டிய நிலைகள். (இரும்புச்சத்து மாத்திரையாலும் மலம் கருக்கலாம், அதையும் சொல்லுங்கள்.) காசிமேட்டில் மீன்கூடை சுமப்போரும், எண்ணூர், திருவொற்றியூர்ப் பகுதியில் சரக்கு ஏற்றி இறக்குவோரும் முதுகுவலிக்கு டைக்ளோபினாக் போன்ற வலி மாத்திரைகளைத் தாமே வாங்கி உண்பது வழக்கம். கிருமி இல்லாமலும் அம்மாத்திரை புண்ணை உண்டாக்கும். கிருமியும் சேர்ந்தால் ஆபத்து மிகும். மருந்துக்கடையில் வாங்கிய மாத்திரையை ‘மருந்து’ என்று பலர் கணக்கில் சேர்ப்பதே இல்லை. அதன் அட்டையையும் எடுத்து வாருங்கள். நடக்கும்போதும் சுமை தூக்கும்போதும் நெஞ்சில் எரிச்சல் மிகுந்தால், முதலில் இதயத்தைப் பரிசோதிக்க வேண்டும்.

சிகிச்சை முடிந்து குறைந்தது நான்கு வாரம் கழித்து, மூச்சு அல்லது மலப் பரிசோதனையால் கிருமி ஒழிந்ததை உறுதிசெய்வோம். வலி நின்றுவிட்டது என்று இதனைத் தவிர்ப்போர் பலர். வலி நிற்பதும் கிருமி ஒழிவதும் ஒன்றல்ல.

வீட்டில் உள்ள அனைவருக்கும் பரிசோதனை தேவையா என்று உறவினர் கேட்பதுண்டு. நம் நாட்டில் பெரியவர்களில் பாதிக்கு மேற்பட்டோரிடம் இக்கிருமி உண்டு. அவர்களுள் பெரும்பாலோர்க்கு எத்தொல்லையும் வருவதில்லை. எனவே தொல்லை இல்லாதவரையெல்லாம் வரிசையில் நிறுத்த வேண்டியதில்லை. ஆனால் பெற்றோர், உடன்பிறந்தோர், பிள்ளைகள் ஆகியோரில் எவருக்கேனும் இரைப்பைப் புற்றுநோய் இருந்திருந்தால், அதனை முதல் சந்திப்பிலேயே எங்களிடம் தெரிவியுங்கள். அவர்களுக்கு அறிகுறி இல்லாவிடினும் மூச்சு அல்லது மலப் பரிசோதனை செய்வது குறித்து முடிவெடுப்போம்.