ரயில் வந்தால் போதுமா?

மண்ணூர்பேட்டை

அன்புள்ள தம்பிக்கு,

“ரயில் வந்தது, சமூகம் மாறியது” என்று உன் கட்டுரையில் ஒரே வரியில் முடித்துவிட்டாயே, அந்த வரி என்னைத் தூங்கவிடவில்லை. பாடநூலிலேயே அப்படித்தான் இருக்கிறது என்பாய். இருக்கட்டும்.

நம் பட்டரவாக்கம் தண்டவாளத்தையே எடுத்துக்கொள். ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடுக்குப் போன தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில், 1856 ஜூலை 1 அன்று இந்த வழியாகத்தான் போனது. பக்கத்து அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள்ஸ் ஆலை தொடங்கியதோ 1949-இல். நடுவில் 93 வருஷம்! அத்தனை காலமும் ரயில் புகை விட்டுக்கொண்டு ஓடியது. வயல்காரர் ஏரித் தண்ணீரை நம்பியே நெல் போட்டார். அந்தக் காலத்தின் கடைசியில்தான் சுதந்திரம் வந்தது, இறக்குமதிக்குக் கட்டுப்பாடு வந்தது. 1955-இல் பக்கத்து ஆவடியில் காங்கிரஸ் கூடி, சோஷலிச பாணிச் சமுதாயமே இலக்கு என்று தீர்மானம் போட்டது. 1964-இல் அரசே அம்பத்தூரில் தொழிற்பேட்டை அமைத்தது. அப்புறம்தான் அந்தத் தண்டவாளம் ஷிஃப்டுக்கு ஆள் கொண்டுவந்து கொட்டியது.

இதில் மார்க்ஸே அவசரப்பட்டவர்தான். ரயில் இந்தியாவில் நவீனத் தொழிலுக்கு வழி திறக்கும், சாதியைத் தாங்கி நிற்கும் பரம்பரைத் தொழில் பிரிவினையைக் கரைத்துவிடும் என்று 1853-இல் நியூயார்க் டெய்லி ட்ரிப்யூனில் எழுதினார். மூர் மார்க்கெட்டில் வாங்கிய அட்டை கிழிந்த தொகுப்பில் அதைப் படித்தேன். எனக்கு முன் வைத்திருந்தவர் அந்த இடத்தில் சிவப்பு மையால் அடிக்கோடு போட்டிருந்தார். நான் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டேன்.

ஏன் என்று கேட்டால், அந்தத் தொழிற்பேட்டைக்குள் போய்ப் பார். லேத் பட்டறையில் ஹெல்பராகச் சேரப் போனால், “யார் சொல்லி வந்தே?” என்பதுதான் முதல் கேள்வி. மாமா, மச்சான், ஊர்க்காரர் என்று பிடித்துத்தான் உள்ளே நுழைகிறார்கள். வடமாநிலப் பையன்களும் அப்படியே. மெஷின் கணினி இயக்கும் சி.என்.சி.; அதற்கு ஆள் பிடிப்பது சொந்தபந்தம்! அதே பட்டறையில், இரும்பையே தொடாத குடும்பத்துப் பிள்ளைகள் இன்று கடைசல் பிடிக்கிறார்கள் என்பதும் உண்மை. ஆக, மார்க்ஸுக்குப் பாதி மதிப்பெண்.

வேட்டை, வேளாண்மை, தொழில், கணினி என்று படிக்கட்டு வரைந்து அம்புக்குறி போடுவதை இத்தோடு விடு. எந்த மாற்றத்தை எழுதினாலும் மூன்று கேள்வி கேள்: நிலம் யாருடையது? வேலைக்கு ஆளைச் சேர்ப்பது யார்? லாபம் எங்கே போகிறது? இவற்றுக்கு விடை இல்லாத கட்டுரையை இனி எனக்கு அனுப்பாதே.