மைத்ரியில் குளிர்காலம்: முதன்முறை போகிறவர்களுக்கு முழுமையான வழிகாட்டி

அண்டார்க்டிகாவில் இன்று இந்தியாவுக்கு இரண்டு ஆய்வு நிலையங்கள்: 1989 முதல் மைத்ரி, 2012 முதல் பாரதி. கோடையில் வந்து திரும்புகிறவர்கள் பலர். குளிர்காலம் முழுக்கத் தங்குகிறவர்கள் நிலையத்துக்கு ஏறத்தாழ இருபத்தைந்து பேர்தான். பிப்ரவரி முடிவில் போக்குவரத்து நின்றுவிட்டால் நவம்பர் வாக்கில்தான் அடுத்த விமானம். இந்த வழிகாட்டி அந்த இடைப்பட்ட மாதங்களுக்கானது.

படி 1: கைத்தொழிலைச் சொல்லி விண்ணப்பியுங்கள்

விஞ்ஞானிகள் மட்டும் போகிற இடம் என்று எண்ணித் தயங்க வேண்டாம். டீசல் மெக்கானிக், வெல்டர், எலக்ட்ரீஷியன், தச்சர், சமையல்காரர், டாக்டர் எல்லோரும் வேண்டும். கோவாவிலுள்ள தேசிய துருவ, பெருங்கடல் ஆராய்ச்சி மையம் ஆள் எடுக்கிறது. பிறகு மருத்துவப் பரிசோதனை, உத்தராகண்டின் ஆலியில் பனிப் பயிற்சி. வயதை நினைத்தும் பின்வாங்காதீர்கள். இஸ்ரோவின் மங்களா மணி 56 வயதில் பாரதிக்குப் போய் 403 நாள் இருந்துவிட்டு வந்தார். அந்தக் குழுவில் அவர் ஒருவரே பெண்.

படி 2: உடம்பில் எதையும் மறைக்காதீர்கள்

பல்வலி, மூலம், பழைய வயிற்றுவலி எதுவானாலும் பரிசோதனையிலேயே சொல்லிவிடுங்கள். மைத்ரிக்கு அருகிலிருக்கும் ரஷ்ய நிலையமான நோவோலசாரெவ்ஸ்கயாவில் 1961 ஏப்ரல் 30 இரவு, குடல்வால் வீங்கித் துடித்தார் லியோனிட் ரோகஸோவ். அங்கே இருந்த ஒரே மருத்துவர் அவர்தான். தன் வயிற்றைத் தானே கீறி அறுவை செய்துகொண்டார். கண்ணாடி பிடித்தவரும் கருவி எடுத்துக் கொடுத்தவரும் மருத்துவம் படிக்காத சக ஊழியர்கள். இரண்டு வாரத்தில் வேலைக்குத் திரும்பினார். அந்தத் துணிச்சலை நினைத்தால் இன்றும் மெய் சிலிர்க்கிறது. ஆனால் அப்படி ஒரு நிலைமை வராமல் பார்த்துக்கொள்வதுதான் உங்கள் வேலை.

படி 3: தீயையும் தண்ணீரையும் படியுங்கள்

போன முதல் வாரத்தில் தீயணைப்புக் கருவி, அவசர வாசல், மாற்றுத் தங்குமிடம் மூன்றையும் கண்ணை மூடிக்கொண்டே போய்த் தொடும் அளவுக்குப் பழகுங்கள். அங்கே காற்று மிக வறண்டது; தீ பிடித்தால் அணைக்கத் தண்ணீர் எளிதில் கிடைக்காது. ரஷ்யாவின் வஸ்தோக் நிலையத்தில் 1982 ஏப்ரலில் மின்நிலையம் எரிந்து ஒருவர் இறந்தார். மிஞ்சியவர்கள் தாங்களே செய்த அடுப்புகளை வைத்துக் குளிர்காலத்தைக் கடந்தார்கள். மைத்ரிக்குத் தண்ணீர் தருவது எதிரே இருக்கும் பிரியதர்ஷினி ஏரி. மேலே உறைந்து கிடந்தாலும் அடியில் நீர் இருக்கும். குழாய் உறையாமல் காக்க அன்றாடம் உழைப்பவரைப் பார்த்தால், குளியல் எத்தனை நிமிடம் என்பது உங்களுக்கே புரிந்துவிடும்.

படி 4: நாளை நீங்களே உண்டாக்குங்கள்

மற்ற எல்லாவற்றையும்விட முக்கியமானது இதுதான். மே பிற்பகுதியில் சூரியன் அடங்கினால் ஏறத்தாழ இரண்டு மாதம் எழாது. நண்பகலில் வடக்கே கொஞ்சம் வெளிச்சம் கசியும், அவ்வளவுதான். உடம்புக்கு நேரம் தெரியாது. தூக்கம் ஒவ்வொரு நாளும் தள்ளிப்போய், ஒரு வாரத்தில் விடியற்காலையில் விழித்தும் மதியத்தில் அயர்ந்தும் கிடப்பீர்கள். பேசிக்கொண்டிருக்கும்போதே சொல்ல வந்தது மறந்துபோகும். துருவத்தில் குளிர்காலம் தங்கும் பலருக்கும் இப்படி ஆகும், பயப்பட வேண்டாம்.

சூரியன் செய்யாததைச் சாப்பாட்டு மேசை செய்யும். பசி இல்லாவிட்டாலும் காலை உணவுக்கு வந்து உட்காருங்கள். யார் வரவில்லை என்பது அங்கேதான் தெரியும். இரண்டு வேளை வராதவர் கதவைத் தட்டுவது அனைவரின் கடமை. சமையலறை வேலை முறைவைத்து வரும். தலைவரும் பாத்திரம் தேய்ப்பார், விஞ்ஞானியும் வெங்காயம் உரிப்பார். அந்த முறையைத் தட்டிக்கழிக்காதீர்கள். கடலை எண்ணெயில் தாளித்தால் ஒருவருக்கு வீடு நினைவு வரும், கடுகெண்ணெயில் தாளித்தால் இன்னொருவருக்கு. பச்சைக் காய்கறி சீக்கிரம் தீர்ந்துவிடும். பிறகு உறையவைத்ததும் உலர்ந்ததும்தான். இட்லி மாவு புளிக்கச் சூடான மூலை ஒன்றைத் தேடிப் பிடியுங்கள். ஞாயிற்றுக்கிழமை காலை இட்லி என்று ஒன்று இருந்தால், அன்று ஞாயிறு என்பதாவது எல்லோருக்கும் தெரியும்.

ஜூன் 21-ஐ ஒட்டி நடுக்குளிர்கால விழா. கண்டம் முழுக்க நிலையங்கள் ஒன்றுக்கொன்று வாழ்த்து அனுப்பும். நல்ல உடை ஒன்றை அதற்கென்றே பெட்டியில் வைத்துக்கொள்ளுங்கள். விழா முடிந்த பின் வரும் வாரங்களில்தான் மனம் அதிகம் சோரும். சின்னச் சின்ன விஷயத்துக்குக் கோபம் வரும். ஸ்பூன் தட்டும் சத்தம்கூடத் தாங்காது. அப்போது வாய்விட்டுச் சொல்லுங்கள், டாக்டரிடமாவது.

படி 5: பனிப்புயலில் தனியே வெளியேறாதீர்கள்

வெப்பநிலை மைனஸ் 30 டிகிரியைத் தொடும் நாட்களில் காற்றும் சேர்ந்தால் திறந்த தோல் சில நிமிடத்தில் உறையும். பனி பறக்கும்போது நீட்டிய கை தெரியாது. பத்தடியில் இருக்கும் குடிலுக்கானாலும் சொல்லிவிட்டு, துணையோடு, கயிற்றைப் பிடித்துப் போங்கள். வாக்கி டாக்கியைச் சட்டைக்குள் வையுங்கள். வெளியில் வைத்தால் குளிரில் பேட்டரி செத்துவிடும்.

படி 6: சூரியன் வந்ததும் எழுத உட்காருங்கள்

ஜூலை பிற்பகுதியில் அடிவானத்தில் சூரியன் தலைகாட்டும்போது எல்லோரும் வெளியே ஓடுவார்கள், நீங்களும் ஓடுங்கள். மறுநாளே ஒரு நோட்டை எடுங்கள். எந்தப் பம்பு எப்போது மக்கர் செய்தது, எந்த வால்வு இறுகிப்போகும், உதிரி பாகம் எந்த அலமாரியில் எந்த டப்பாவில் என்று எழுதிவையுங்கள். முதல் விமானத்தில் வந்து இறங்குகிறவருக்கு அந்த நோட்டைக் கையில் கொடுத்து, ஒவ்வொன்றையும் நேரில் காட்டிவிட்டுக் கிளம்புங்கள்.