வண்டியை மறித்தால் என்ன செய்வது?



“சேலை கொடுக்க காஞ்சிபுரம் போகும்போது போலீஸ் கை காட்டினா, பயத்துல நிக்காம போயிடுறோம்” என்று குழுக் கூட்டங்களில் சொல்கிறீர்கள். அது ஆபத்து. 2018 மார்ச் 7 அன்று திருச்சி அருகே ஹெல்மெட் சோதனையில் நிற்காமல் போன தம்பதியின் பைக்கை ஓர் ஆய்வாளர் துரத்திப்போய் உதைத்தார். கீழே விழுந்த மனைவி இறந்துபோனார். ஆய்வாளர் கைதானார், போன உயிர் வந்ததா?

ஆகவே நிற்போம். ஆனால் நம் உரிமையை விட்டுவிட வேண்டாம்.

1. ஆர்.சி., லைசென்ஸ், இன்சூரன்ஸ், சேலைக்கான சீட்டு கையில் இருக்கட்டும். குழுப் பணம் என்றால் தீர்மான நகலும் வேண்டும். தேர்தல் நேரத்தில் 50,000 ரூபாய்க்கு மேல் இருந்தால் கணக்குக் காட்ட வேண்டும்.

2. பெண்ணின் உடலைச் சோதிக்க வேண்டுமென்றால் இன்னொரு பெண்தான், கண்ணியமாகச் சோதிக்க வேண்டும். இது சட்டம்.

3. அபராதம் கட்டினால் ரசீது, பொருளை எடுத்தால் பட்டியல் கேளுங்கள்.

4. மிரட்டினால், தரக்குறைவாகப் பேசினால் அங்கே சண்டை வேண்டாம். பெயர், இடம், நேரம் குறித்துக்கொண்டு எஸ்.பி.க்கு எழுத்தில் புகார் கொடுங்கள். பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு: 15100.

புகார் கொடுக்கத் தனியாகப் போகாதீங்க. குழுவாகப் போவோம்.